வீட்டு கம்ப்யூட்டரில் ஒரு இயற்பியல் சோதனை: கோண உந்தத்தை அளக்கலாம் வாருங்கள்

கம்ப்யூட்டர் வாங்கியபோது கூடவே ஒரு சுழல் நாற்காலியும் வாங்கியிருப்பீர்கள். இந்த மாதப் பாடத்தை அந்த நாற்காலியில் இருந்தே தொடங்கலாம். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் இரண்டை எடுத்துக்கொள்ளுங்கள். நாற்காலியில் உட்கார்ந்து, கைக்கு ஒன்றாகப் பிடித்து, கைகளை இரு பக்கமும் நன்றாக நீட்டுங்கள். வீட்டில் யாரையாவது உங்களை மெதுவாகச் சுழற்றிவிடச் சொல்லுங்கள். சுற்றும்போதே பாட்டில்களை நெஞ்சருகே கொண்டு வாருங்கள். யாரும் தள்ளாமலே வேகம் கூடும். மீண்டும் கையை நீட்டினால் குறையும். (மெதுவாகத்தான் சுற்ற வேண்டும். மானிட்டர் மேல் பாட்டில் பறந்தால் நான் பொறுப்பல்ல.)

இதற்குப் பெயர் கோண உந்தம் மாறா விதி. பிளஸ் ஒன் பாடத்தில் படித்திருப்பீர்கள். சுழலும் பொருளின் எடை அச்சில் இருந்து எவ்வளவு தள்ளிப் பரவியிருக்கிறது என்பதைக் காட்டும் அளவு நிலைமத் திருப்புத்திறன். அதைச் சுழலும் வேகத்தால் பெருக்கினால் கிடைப்பது கோண உந்தம். வெளியில் இருந்து யாரும் முறுக்காதவரை இந்தப் பெருக்குத்தொகை மாறாது. ஒன்று குறைந்தால் மற்றது கூட வேண்டும், அவ்வளவுதான்.

பூமிக்கும் இதே கணக்குதான். 2004 டிசம்பர் 26 அன்று சுமத்ரா கடலடியில் ஏற்பட்ட பூகம்பத்தை சென்னைக்காரர்கள் யாரும் மறக்க முடியாது. அந்த பூகம்பத்தில் பூமியின் பாறைகள் இடம் மாறியதால், எடை ஒரு துளி அச்சை நோக்கி நெருங்கியது. அதனால் ஒரு நாளின் நீளம் 2.68 மைக்ரோ விநாடி குறைந்திருக்க வேண்டும் என்று நாசாவைச் சேர்ந்த பெஞ்சமின் சாவோ, ரிச்சர்ட் கிராஸ் ஆகியோர் கணக்கிட்டுச் சொன்னார்கள். மைக்ரோ விநாடி என்றால் விநாடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. இது கருவி வைத்து அளந்ததல்ல, கணக்குப் போட்டுச் சொன்னது. அளக்க முடியாத அளவுக்குச் சிறியது.

நாம் அளக்கக்கூடியதை அளப்போம். செல்போன் கேமரா, கம்ப்யூட்டர், இலவச மென்பொருள்கள் நான்கு. இவை போதும்.

சித்தப்பா, ஒரு உதவி!

பூந்தமல்லியில் இருக்கும் என் அண்ணன் மகள் பி.எஸ்சி. இயற்பியல் படிக்கிறாள். அவள் கல்லூரி லேபில் சுழல் தட்டுக் கருவி பழுதாகிக் கிடந்தது. "வீட்டிலேயே ஏதாவது ஒரு சோதனை செய்து ரெக்கார்டு எழுதி, திங்கட்கிழமை கொண்டு வாருங்கள்" என்று சொல்லிவிட்டார்களாம். அவள் என்னிடம் வந்தது ஒரு வியாழக்கிழமை சாயங்காலம்.

நான் இருப்பது அம்பத்தூர். இந்த ஊரில் ஒரு தட்டு கடைந்து வாங்குவது கடினமான காரியமே இல்லை. 1960-களில் தொழிற்பேட்டை வந்த காலத்தில் இருந்தே பட்டரவாக்கம் பக்கம் தெருவுக்குத் தெரு லேத் பட்டறைதான். தெரிந்த பட்டறை ஒன்றில் கழித்துப் போட்டிருந்த 5 மில்லிமீட்டர் அலுமினியத் தகட்டை 12 சென்டிமீட்டர் ஆரமுள்ள வட்டமாகக் கடைந்து கொடுத்தார்கள். எடை 610 கிராம். அதன் மேல் போடுவதற்கு ஒரு இரும்பு வளையம்: வெளி ஆரம் 7.5 செ.மீ., உள் ஆரம் 6 செ.மீ., எடை 600 கிராம். எடை போட்டது தெருமுனை மளிகைக் கடை எலக்ட்ரானிக் தராசில். பருப்புக்கு எப்படி எடை காட்டுமோ அப்படியே வளையத்துக்கும் காட்டியது.

தட்டு சுழல்வதற்கு 608 என்று எண் போட்ட பால்பேரிங் இரண்டு. ஸ்கேட்டிங் ஷூ சக்கரத்தில் வருவது இதுதான். ஒரே பேரிங் போட்டால் தட்டு தள்ளாடும். மூன்று சென்டிமீட்டர் இடைவெளியில் இரண்டு போட்டால் நேராக நிற்கும். புது பேரிங்கில் கிரீஸ் கெட்டியாக இருக்கும். அதை மண்ணெண்ணெயில் கழுவி, தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டோம். பிறகு ஒரு தட்டு தட்டினால் தானாகவே ஒரு நிமிடத்துக்குச் சற்றுக் குறைவாகச் சுற்றியது. தட்டின் விளிம்பில் சிவப்பு ஸ்டிக்கர் பொட்டு ஒன்று ஒட்டினோம். தட்டு எத்தனை முறை சுற்றியது என்று கண்டுபிடிக்க அந்தப் பொட்டுதான் நமக்கு அடையாளம்.

சோதனை இதுதான். தட்டைச் சுழற்றிவிட வேண்டும். அது சுற்றிக்கொண்டிருக்கும்போதே வளையத்தை அதன் மேல் அரை சென்டிமீட்டர் உயரத்தில் பிடித்து, திருகாமல் மெல்ல விட வேண்டும். விரல் தட்டில் படக்கூடாது. வளையம் கொஞ்சம் வழுக்கி, பிறகு தட்டோடு சேர்ந்து சுற்றும். முன்பு இருந்த வேகம், பின்பு இருந்த வேகம் இரண்டையும் அளக்க வேண்டும். எல்லாவற்றையும் மேலே இருந்து செல்போனில் வீடியோ எடுக்க வேண்டும். செல்போனைக் கையில் பிடிக்காதீர்கள். இரண்டு புத்தக அடுக்குகளுக்கு நடுவே ஸ்கேல் வைத்து அதன் மேல் அசையாமல் வையுங்கள்.

கணக்கைக் கம்ப்யூட்டரிடம் ஒப்படைப்போம்

லிப்ரே ஆபீஸ் என்பது இலவசமாகக் கிடைக்கும் மென்பொருள் தொகுப்பு. அதில் உள்ள கால்க் புரோகிராமைத் திறந்துகொள்ளுங்கள். எக்ஸெல் வைத்திருப்பவர்கள் அதையே பயன்படுத்தலாம். கட்டம் கட்டமாக ஒரு பக்கம் தெரியும். ஒவ்வொரு கட்டத்துக்கும் பெயர் செல். (செல்போனுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.) மேலே இருக்கும் ஆங்கில எழுத்தையும் இடப்பக்க எண்ணையும் சேர்த்தால் செல்லின் பெயர் வரும்.

ஏ வரிசையில் பெயர்களையும், பி வரிசையில் அளவுகளையும் டைப் செய்யுங்கள். பி1-இல் தட்டின் எடை 610. பி2-இல் ஆரம் 12. பி3-இல் வளையத்தின் எடை 600. பி4, பி5-இல் வளையத்தின் ஆரங்கள் 7.5, 6. வட்டத் தட்டின் நிலைமத் திருப்புத்திறன் என்பது எடையை ஆரத்தின் வர்க்கத்தால் பெருக்கி, அதில் பாதி. எனவே பி6-இல் கர்சரை வைத்து = அடையாளம் போடுங்கள். மவுசால் பி1-ஐ கிளிக் செய்து, * அடித்து, பி2-ஐ கிளிக் செய்து, மீண்டும் * அடித்து, பி2-ஐ மறுபடி கிளிக் செய்து, கடைசியில் /2 என்று போட்டு என்டர் தட்டுங்கள். 43,920 என்று வந்தால் சரியாகச் செய்திருக்கிறீர்கள். வளையத்துக்கு இரண்டு ஆரங்களின் வர்க்கங்களையும் கூட்டி, எடையால் பெருக்கி, பாதியாக்க வேண்டும். அதை பி7-இல் நீங்களே போட்டுப் பாருங்கள். 27,675 வரும். இரண்டும் சேர்ந்தால் 71,595. அலகு கிராம் சென்டிமீட்டர் வர்க்கம். பேரிங்கும் நடுத் துளையும் அச்சுக்கு மிக அருகில் இருப்பதால் ஒரு சதவீதத்துக்கும் வெகு குறைவாகவே வரும். அவற்றை விட்டுவிட்டேன்.

இப்போது வீடியோ. செல்போனில் எடுத்ததை கம்ப்யூட்டருக்குக் கொண்டுவர யு.எஸ்.பி. கேபிளையே பயன்படுத்துங்கள். கேபிளைச் செருகியதும் செல்போன் திரையில் ஒரு கேள்வி வரும். அதில் ஃபைல் டிரான்ஸ்ஃபர் என்பதைத் தேர்ந்தெடுங்கள். பிறகு கம்ப்யூட்டரில் செல்போனின் பெயரில் ஒரு டிரைவ் தெரியும். டி.சி.ஐ.எம். என்ற ஃபோல்டரைத் திறந்தால் உள்ளே உங்கள் வீடியோ இருக்கும். அதை டெஸ்க்டாப்பில் காப்பி செய்யுங்கள். வாட்ஸ்அப்பில் உங்களுக்கே அனுப்பி எடுக்கும் பழக்கம் பலருக்கு இருக்கிறது. இந்த வேலைக்கு அது ஆகாது. அது வீடியோவைச் சுருக்கித்தான் அனுப்பும். நமக்கு அசல் வேண்டும்.

வீடியோ என்பது வேறொன்றும் இல்லை, வரிசையாக எடுத்த போட்டோக்கள். பெரும்பாலான செல்போன்கள் விநாடிக்கு 30 எடுக்கும். ஒவ்வொன்றும் ஒரு ஃப்ரேம். வி.எல்.சி. பிளேயரில் வீடியோவைத் திறந்து, பாஸ் செய்துவிட்டு, ஆங்கில ஈ என்ற கீயைத் தட்டினால் ஒரு ஃப்ரேம் நகரும். பொட்டு ஒரு சுற்று முடித்து அதே இடத்துக்கு வர எத்தனை தட்டல் ஆகிறது என்று எண்ணினால் நேரம் தெரிந்துவிடும். தட்டை ரொம்ப வேகமாகச் சுற்றாதீர்கள். சினிமாவில் ரதத்தின் சக்கரம் பின்னோக்கிச் சுற்றுவதுபோலத் தெரிவதைப் பார்த்திருப்பீர்களே, அந்தக் குழப்பம் இங்கேயும் வந்துவிடும்.

அவள் எண்ணினாள். வளையம் விழும் முன் 5 சுற்றுக்கு 120 ஃப்ரேம், அதாவது 4 விநாடி. விநாடிக்கு 1.25 சுற்று. வளையம் விழுந்த பின் 5 சுற்றுக்கு 171 ஃப்ரேம், அதாவது 5.70 விநாடி. விநாடிக்கு 0.877 சுற்று.

பெருக்கிப் பார்த்தோம். முன்பு 43,920 × 1.25 = 54,900. பின்பு 71,595 × 0.877 = 62,789.

கோண உந்தம் 14 சதவீதம் கூடியிருந்தது!

குறைந்திருந்தால் கவலைப்பட்டிருக்க மாட்டேன். பேரிங்கில் உராய்வு, காற்றுத் தடை என்று காரணம் சொல்லிவிடலாம். கூடினால் என்ன சொல்வது? யாரும் தள்ளவில்லை. இல்லாத ஒன்று எங்கிருந்து வந்தது?

கோல் சீக் செய்த வேலை

நான் காபி குடித்துவிட்டு வருவதற்குள் அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். "சித்தப்பா, 171-ஐ 196 என்று எழுதிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும்."

எப்படிக் கண்டுபிடித்தாள் தெரியுமா? கால்க்கில் டூல்ஸ் மெனுவில் கோல் சீக் என்று ஒரு வசதி இருக்கிறது. விடை இருக்கும் செல் எது, விடை எவ்வளவு வர வேண்டும், அதற்காக எந்த செல்லை மாற்றலாம் என்று மூன்று கேள்வி கேட்கும். பதில் கொடுத்து ஓகே செய்தால், அந்த செல்லில் என்ன எண் இருக்க வேண்டும் என்று தானே கண்டுபிடித்துச் சொல்லும். வங்கிக் கடனுக்கு மாதத் தவணை இவ்வளவுதான் கட்ட முடியும், எவ்வளவு கடன் வாங்கலாம் என்று பார்க்க அருமையான வசதி. அவள் அதை வைத்து, வித்தியாசம் பூஜ்யம் ஆவதற்கு ஃப்ரேம் எண்ணிக்கை எவ்வளவு இருக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறாள். 195.6 என்று வந்திருக்கிறது.

"லேபில் எல்லாரும் இப்படித்தான் எழுதுவார்கள். சீனியர் ரெக்கார்டில் இருந்தே எடுப்பவர்களும் உண்டு. விதி சரியாக வந்தால்தான் மார்க். திங்கட்கிழமை கொடுக்க வேண்டும் சித்தப்பா."

எனக்குக் கோபம் வரவில்லை. நான் படித்த காலத்தில் கோல் சீக் இல்லை. பென்சிலும் ரப்பரும் இருந்தன. நாங்களும் அதைத்தான் செய்தோம். ஆனால் அந்த 171 பொய் எண் அல்ல. அவள் ஒவ்வொன்றாகத் தட்டி எண்ணியது. நானும் எண்ணினேன், 171-தான் வந்தது. "நீ சரியாக எண்ணியிருக்கிறாய். வேறு எங்கோ தப்பு இருக்கிறது. வெள்ளி, சனி, ஞாயிறு இருக்கிறது. ஞாயிறு ராத்திரி வரை தேடலாம், கிடைக்காவிட்டால் கிடைக்கவில்லை என்று எழுது" என்றேன். முகம் வாடியது.

கண்டுபிடித்தது அவள்தான். வெள்ளிக்கிழமை வீடியோவை மறுபடி ஓட்டும்போது, வி.எல்.சி. விண்டோவின் கீழே ஓடும் கடிகாரத்தைப் பார்த்திருக்கிறாள். வளையம் விழுந்த பிறகு நாங்கள் எண்ணிய 5 சுற்றும் முடிய, கடிகாரத்தில் கிட்டத்தட்ட 8 விநாடி ஆனது. நாங்களோ 171-ஐ 30-ஆல் வகுத்து 5.70 விநாடி என்று எழுதியிருந்தோம். 8 விநாடிக்கு 171 என்றால் விநாடிக்கு 30 ஃப்ரேம் எப்படி வரும்?

மீடியா இன்ஃபோ என்று ஒரு சின்ன இலவச மென்பொருள் இருக்கிறது. வீடியோ ஃபைலை அதில் இழுத்துப் போட்டால் அதன் ஜாதகத்தையே சொல்லிவிடும். அதில் ஃப்ரேம் ரேட் மோட் என்ற வரியைப் பாருங்கள். கான்ஸ்டன்ட் என்று இருந்தால் நிம்மதி. எங்கள் ஃபைலில் வேரியபிள் என்று இருந்தது. அதாவது விநாடிக்கு இத்தனை போட்டோ என்ற கணக்கு நடுவிலேயே மாறியிருக்கிறது.

காரணம் இதுதான். நாங்கள் வீடியோ எடுத்தது ராத்திரி, பின்கட்டு அறையில், ஒரே ஒரு பல்பு வெளிச்சத்தில். வெளிச்சம் போதாவிட்டால் பல செல்போன்கள் ஒவ்வொரு போட்டோவுக்கும் அதிக நேரம் எடுத்துக்கொள்ளும். அதனால் விநாடிக்கு எடுக்கும் எண்ணிக்கை குறையும். பளபளவென்ற அலுமினியத் தட்டு தெரிந்தவரை 30 எடுத்தது. அதன் மேல் கறுத்த இரும்பு வளையம் விழுந்ததும் இருட்டாகிவிட்டது என்று நினைத்து 22-க்கு இறங்கிவிட்டது. முதல் முதல் கடைசி வரை ஒரே மாதிரி 22 எடுத்திருந்தால் கூடப் பாதகமில்லை. நமக்கு வேண்டியது இரண்டு வேகங்களின் விகிதம், அதில் இந்தத் தப்பு அடிபட்டுப் போயிருக்கும். நடுவில் மாறியதுதான் வினை. எண்ணிக்கை சரி, அளவுகோல்தான் பாதியில் நீண்டுவிட்டது.

அவள் மட்டும் 196 என்று எழுதியிருந்தால் இது யாருக்கும் தெரிந்தே இருக்காது.

மொட்டை மாடியில்

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு எல்லாவற்றையும் மொட்டை மாடிக்குத் தூக்கிப் போனோம், தண்ணீர்த் தொட்டி நிழலுக்கு. இந்த முறை தட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு செல்போனை வைத்து, அதில் ஸ்டாப்வாட்சை ஓடவிட்டோம். வீடியோவிலேயே நேரம் பதிந்துவிடும். கேமரா எப்படிப் போனாலும் ஏமாற முடியாது. உங்களிடம் இரண்டாவது செல்போன் இல்லாவிட்டால் டிஜிட்டல் கைக்கடிகாரம் போதும். பகல் வெளிச்சத்தில் இன்னொரு லாபம், பொட்டு கோடாக இழுபடாமல் புள்ளியாகவே விழும்.

மீடியா இன்ஃபோ 30 என்று சொன்னது, ஸ்டாப்வாட்சும் ஒத்துப்போனது. முன்பு 5 சுற்றுக்கு 114 ஃப்ரேம், விநாடிக்கு 1.316 சுற்று. பின்பு 5 சுற்றுக்கு 218 ஃப்ரேம், விநாடிக்கு 0.688 சுற்று. பெருக்கினால் 57,799-உம் 49,257-உம். இப்போது 15 சதவீதம் குறைவு!

"முந்தாநாள் 14 கூட, இன்று 15 குறைவு. சராசரி எடுத்தால் சரியாக வருகிறது சித்தப்பா" என்றாள். நல்ல வேளை, சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

இந்தக் குறைவுக்குக் காரணம் உராய்வு. ஆனால் "உராய்வு" என்று ஒரு வார்த்தையில் எழுதி முடித்துவிடக்கூடாது. எவ்வளவு என்று சொல்ல முடியும். நாம் எடுத்த 5 சுற்றுகளின் நடுப்பகுதி வளையம் விழுவதற்கு 3 விநாடி முன்பு. பின்பு எடுத்த 5 சுற்றுகளின் நடுப்பகுதி விழுந்து நான்கரை விநாடிக்கு மேல் கழித்து. இடைப்பட்ட அந்த ஏழு எட்டு விநாடியும் பேரிங் வேகத்தைத் தின்றுகொண்டே இருந்திருக்கிறது. நமக்கு வேண்டியது வளையம் விழுந்த அந்தக் கணத்தின் வேகம்.

இதற்கு டிராக்கர் என்ற மென்பொருள் உதவும். டக்ளஸ் பிரவுன் என்ற அமெரிக்க இயற்பியல் ஆசிரியர் எழுதி, ஓபன் சோர்ஸ் பிசிக்ஸ் என்ற திட்டத்தின் கீழ் இலவசமாகக் கொடுத்திருக்கிறார். இன்ஸ்டால் செய்து வீடியோவைத் திறந்துகொள்ளுங்கள். ஆக்சிஸ் பட்டனை கிளிக் செய்து, திரையில் தோன்றும் குறுக்குக் கோடுகளைத் தட்டின் சரியான நடுவுக்கு இழுத்து வையுங்கள். இதில் அவசரப்படாதீர்கள், நடுப்புள்ளி தவறினால் கோணம் எல்லாம் தவறும். பிறகு டிராக் மெனுவில் நியூ, அதில் பாயின்ட் மாஸ். இப்போது கன்ட்ரோல், ஷிஃப்ட் இரண்டு கீகளையும் அழுத்திக்கொண்டே சிவப்புப் பொட்டின் மேல் கிளிக் செய்யுங்கள். ஆட்டோடிராக்கர் விண்டோ வரும். சர்ச் பட்டனைத் தட்டினால் ஒவ்வொரு ஃப்ரேமிலும் பொட்டைத் தானே தேடிப் பிடித்துக் குறித்துக்கொண்டே போகும். கை குறுக்கே வந்த இடத்தில் நின்றுவிடும். அந்த ஃப்ரேம்களைத் தாண்டி மறுபடி தொடங்குங்கள். நாங்கள் தட்டித் தட்டி எண்ணியதைவிட இது நூறு மடங்கு நுணுக்கம். எண்ணும்போது ஒரு ஃப்ரேம் பிசகினால் ஒரு சுற்றில் 4 சதவீதம் போய்விடும்.

வலது மூலையில் உள்ள அட்டவணையில் நேரத்தையும் கோண வேகத்தையும் தேர்ந்தெடுத்து, காப்பி செய்து, கால்க்கில் பேஸ்ட் செய்யுங்கள். வேகம் டிகிரியில் இருந்தால் 360-ஆல் வகுத்தால் சுற்றாகிவிடும். வளையம் விழும் முன் உள்ளவற்றை ஒரு வரிசையாகவும், வளையம் வழுக்குவது நின்ற பின் உள்ளவற்றை இன்னொரு வரிசையாகவும் பிரித்து எக்ஸ் ஒய் வரைபடம் போடுங்கள். புள்ளிகள் கொஞ்சம் சிதறித்தான் இருக்கும். ஒரு புள்ளியின் மேல் ரைட் கிளிக் செய்து இன்செர்ட் டிரெண்ட் லைன் கொடுத்து, லீனியர் தேர்ந்தெடுத்து, ஷோ ஈக்வேஷன் கட்டத்தில் டிக் செய்யுங்கள். சிதறிய புள்ளிகளுக்கு நடுவே ஒரு நேர்கோடும் அதன் சமன்பாடும் வந்துவிடும்.

எங்களுக்கு வந்த கோடுகள் இவை. முன்பு, தொடக்க வேகம் 1.354, ஒவ்வொரு விநாடிக்கும் 0.020 குறைகிறது. பின்பு, 0.8295, விநாடிக்கு 0.015 குறைகிறது. வளையம் விழுந்தது 147-வது ஃப்ரேமில், அதாவது 4.9-வது விநாடியில். முதல் கோட்டை அந்த இடம் வரை நீட்டினால் 1.354 − 0.020 × 4.9 = 1.256. இரண்டாவது கோட்டைப் பின்னோக்கி நீட்டினால் 0.8295 − 0.015 × 4.9 = 0.756. மீண்டும் பெருக்கினோம்: 55,164, 54,126. வித்தியாசம் 1.9 சதவீதம். பதினைந்தில் பதின்மூன்றை உராய்வு விழுங்கியிருக்கிறது.

இதோடு விட்டிருக்கலாம். அவள் விடவில்லை. அதுதான் எனக்குச் சந்தோஷம். வீடியோவை நிறுத்திப் பார்த்து, "வளையம் நடுவில் விழவில்லை" என்றாள். உண்மைதான். வளையத்துக்கும் தட்டின் விளிம்புக்கும் உள்ள இடைவெளி எல்லாப் பக்கமும் 4.5 சென்டிமீட்டர் இருக்க வேண்டும். ஒரு பக்கம் 5.8, எதிர்ப்பக்கம் 3.2 இருந்தது. அப்படியானால் நடுவில் இருந்து 1.3 சென்டிமீட்டர் விலகியிருக்கிறது. இணை அச்சுத் தேற்றத்தின்படி எடையை விலகலின் வர்க்கத்தால் பெருக்கி, 600 × 1.69 = 1,014 சேர்க்க வேண்டும். மொத்தம் 72,609. பின்பு உள்ள கோண உந்தம் 54,892. வித்தியாசம் அரை சதவீதம்.

இந்த அரை சதவீதத்தைப் பார்த்து மயங்கிவிடாதீர்கள். ஸ்கேல் வைத்து அளந்ததில் ஒரு மில்லிமீட்டர் பிசகியிருந்தாலே அரை சதவீதம் ஒரு சதவீதம் என்று போய்விடும். எனவே இன்னும் நான்கு முறை செய்தோம். 1.2 குறைவு, 0.8 கூட, 1.6 குறைவு, 0.3 குறைவு என்று வந்தது. கூட வந்த அந்த 0.8-ஐயும் அவள் அப்படியே எழுதினாள். 14 சதவீதம் கூடுதலாக வந்த முதல் முயற்சியும், 171 என்ற எண்ணும், அதற்கான காரணமும் ரெக்கார்டில் ஒரு தனிப் பக்கமாக இடம்பெற்றன.

வாய்மொழித் தேர்வில் அவளிடம் கேட்ட கேள்வி ஒன்று உங்களுக்கும் பயன்படும். கோண உந்தம் மாறவில்லை, சரி, சுழற்சி ஆற்றல்? அதை அதே ஒர்க்‌ஷீட்டில் போட்டுப் பார்க்கலாம். நிலைமத் திருப்புத்திறனை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கி, பாதியாக்குங்கள். வளையம் விழுந்த பின் ஆற்றல் சுமார் 60 சதவீதம்தான் மிச்சம். மீதி 40 சதவீதம் வளையம் தட்டின் மேல் வழுக்கிய அந்த ஒரு கணத்தில் வெப்பமாகிவிட்டது. ஒன்று காக்கப்படுகிறது, மற்றது காக்கப்படவில்லை.

பக்கத்தில் லேத் பட்டறை இல்லாதவர்கள் பழைய சைக்கிளின் முன் சக்கரத்தைப் படுக்கவைத்துச் செய்யலாம். 1949-இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனம் சைக்கிள் செய்த ஊர்க்காரன் என்பதால் சொல்கிறேன், சைக்கிள் ஹப்பின் பேரிங்கும் இதற்கு நன்றாகவே உழைக்கும். ஸ்போக்குகள் மேல் ஒரு அட்டையைக் கட்டிவிட்டு அதன் மேல் வளையத்தை விடுங்கள். எடை பெரும்பாலும் ரிம்மில் இருப்பதால் தட்டுக்கான சூத்திரம் அதற்குப் பொருந்தாது, வளையத்துக்கான சூத்திரத்தைப் போடுங்கள். எதைச் செய்தாலும் முதலில் சுழலும் பரப்பு மட்டமாக இருக்கிறதா என்று ஒரு டம்ளர் தண்ணீர் வைத்துப் பாருங்கள். சாய்ந்திருந்தால், நடுவில் விழாத வளையம் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கும். வரைபடத்தில் நேர்கோட்டுக்குப் பதில் அலை அலையாக வரும். எங்களுக்கு மூன்றாவது முயற்சியில் அப்படித்தான் வந்தது. மாடித் தரை மழைத்தண்ணீர் ஓடுவதற்காகச் சாய்த்துப் போட்டது என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது. ஒரு பக்கம் பழைய செய்தித்தாளை மடித்து வைத்துச் சரி செய்தோம்.